மகார் தேவுஷ்கினின் கோபமும் எங்கள் கோப்பை கழுவும் கதைகளும்

'ஏழைகள்' தொஸ்தோயெவ்ஸ்கியின் முதல் நாவல். 1846இல் அது வெளிவந்தபோது அவருக்கு 24 வயது. முழுவதும் கடிதங்களால் ஆனது. பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஒரு கந்தோரில், மற்றவர்கள் எழுதிய கடதாசிகளைப் பார்த்துப் பிரதி பண்ணுவதையே தொழிலாகக் கொண்ட மகார் தேவுஷ்கின் என்பவரும், எதிர்ப்பக்க யன்னலுக்குள் இருந்து தையல் வேலை செய்து சீவிக்கும் வார்வாரா என்ற இளம்பெண்ணும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். இந்த நாவலைப் பற்றி எழுத வருகிற எம்மவர் வறுமை, மனிதநேயம் என்ற இரண்டு சொற்களோடு காரியத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இந்த நாவலில் ஒரு ஏழை, ஏழையைப் பற்றி எழுதப்பட்ட கதையை வாசித்துவிட்டுக் கோபப்படுகிறார்.

அந்தக் கதை கோகொலின் 'மேலங்கி'. 1842இல் வந்தது. அக்காக்கி அக்காக்கியெவிச் என்ற ஒரு எழுத்தர். அவருக்கும் பிரதி பண்ணுகிற வேலைதான். குளிருக்கு ஒரு மேலங்கி தைக்க வேண்டும். அதற்காகப் பின்னேரத் தேத்தண்ணியை விடுகிறார், மெழுகுதிரி கொளுத்துவதை விடுகிறார், சப்பாத்தின் அடி தேயாமல் இருக்கத் தெருக்கல்லில் மெதுவாகக் கால் வைத்து நடக்கிறார். ஒருவழியாக 80 ரூபிளில் மேலங்கி வருகிறது. போட்ட முதல் நாள் இரவே வழிப்பறிக்காரர் அதை உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள். முறைப்பாடு சொல்லப் போன இடத்தில் ஒரு பெரிய மனிதர் அதட்டுகிறார். காய்ச்சலில் விழுந்து செத்துப்போகிறார். பிறகு ஆவியாக வந்து மற்றவர்களின் மேலங்கிகளை உருவுகிறார்.

உலக இலக்கியத்தில் எளிய மனிதனுக்கு இடம் கொடுத்த கதை என்று இதைச் சொல்வார்கள். தாங்கள் எல்லாரும் கோகொலின் மேலங்கிக்குள் இருந்து வந்தவர்கள்தான் என்று தொஸ்தோயெவ்ஸ்கி சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. எங்கள் சிற்றிதழ்களில் இது அடிக்கடி தட்டுப்படும். தொஸ்தோயெவ்ஸ்கியின் எழுத்தில் எங்கும் அப்படி இல்லை. அவர் சொல்லியிருந்தாலும்கூட அது பாதி உண்மைதான். ஏனென்றால் அவருடைய முதல் கதாநாயகன் அந்த மேலங்கிக்குள் இருந்து திமிறிக்கொண்டு வெளியே வருகிறவன்.

வார்வாரா முதலில் தேவுஷ்கினுக்குப் புஷ்கினின் 'தபால் நிலைய அதிகாரி' கதையை வாசிக்கக் கொடுக்கிறாள். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைத் தானே எழுதியிருக்கலாம் போல இருக்கிறது, தன் மனதை எடுத்து அப்படியே விரித்து வைத்தது போல இருக்கிறது என்று எழுதுகிறார். அடுத்ததாக 'மேலங்கி'யைக் கொடுக்கிறாள். அதற்கு அவர் எழுதிய பதில்தான் நான் சொல்லுகிற இடம். கல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால் அதில் என்ன இருக்கிறது, அது என்னுடைய சப்பாத்து. ஒருவனுக்குக் கையில் காசில்லை, தேத்தண்ணி குடிக்கவில்லை என்பதை எல்லாம் எதற்காக எழுத வேண்டும்? வாசிக்கிறவர்களில் யாராவது அதற்காக எனக்கொரு மேலங்கி தைத்துத் தரப்போகிறார்களா? வாசித்துவிட்டு மிச்சக் கதை எங்கே என்றுதான் கேட்பார்கள். இதுதான் அவருடைய வழக்கின் சாரம். இனித் தான் தெருவில் நடந்து போனால் நடையைப் பார்த்தே இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் அந்தரப்படுகிறார்.

கதை பொய் என்று தேவுஷ்கின் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையாக இருப்பதுதான் அவருக்குப் பிரச்சினை. அவருடைய கிழிந்த உடுப்பும் ஓட்டைச் சப்பாத்தும் உண்மை. இருக்கிற இடம் ஒரு குசினியின் மூலையைத் தடுப்பு வைத்துப் பிரித்தது. அவருடைய மானம் முழுவதும் இவற்றை மறைப்பதில் செலவாகிறது. முதல் கடிதங்களிலேயே சொல்லுகிறார்: தேத்தண்ணி குடிப்பது ருசிக்காக அல்ல, குடிக்காவிட்டால் அந்த வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்காக. இப்படிக் கஷ்டப்பட்டுக் கட்டிவைத்த மறைப்பை ஒரு எழுத்தாளன் இரக்கத்தோடு விலக்கிப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, பாவம் என்கிறான்.

மிகயில் பக்தின் 1929இல் எழுதிய தொஸ்தோயெவ்ஸ்கி பற்றிய நூலில் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். தேவுஷ்கின் அக்காக்கியெவிச்சில் தன்னைப் பார்க்கிறார். அளந்து, எண்ணி, கணக்கு முடித்து மூடிவைக்கப்பட்ட ஒருவனாகப் பார்க்கிறார். இனி அவனிடம் இருந்து புதிதாக எதுவும் வராது. செத்துப்போவதற்கு முன்னமே அவனைப் பற்றிய கடைசி வார்த்தை சொல்லப்பட்டுவிட்டது. அதைத்தான் தேவுஷ்கினால் தாங்க முடியவில்லை என்கிறார் பக்தின்.

சரி, இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? எங்கள் புலம்பெயர் இலக்கியத்தில் ஒரு கதை திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வந்திருக்கிறது. தலைப்பு மாறும், நகரம் மாறும், சாமான் ஒன்றுதான். ஊரில் படித்தவன், அல்லது படித்துக்கொண்டிருந்தவன். இங்கே வந்து றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிறான். வெள்ளைக்கார முதலாளி கத்துகிறான். கை வெந்நீரில் ஊறி வெளிறிப்போகிறது. ஊரில் இருந்து அம்மாவின் கடிதம் வருகிறது. இந்தக் காலத்துக் கதையென்றால் வட்ஸ்அப்பில் குரல் வருகிறது. மகன் கந்தோரில் வேலை என்று அம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். அவன் கண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் கதை முடியும்.

நானும் பாரிஸில் அதே வேலை செய்கிறவன். இங்கே எங்கள் ஆட்கள் அதை 'பிளோஞ்' என்பார்கள். இந்தக் கதைகளில் பலவற்றை நான் வாசித்தது குசினியின் பின்கதவடியில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில்தான். தேவுஷ்கினுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. கை வெளிறுவது உண்மை. முதலாளி கத்துவதும் உண்மை. ஆனால் எங்களுடைய வேலை அந்தக் கதைகளில் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவன் எவ்வளவு தூரம் விழுந்துவிட்டான் என்று அளக்கிற அளவுகோலாகத்தான் அது நிற்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு படித்தவனோ அவ்வளவுக்கு அவ்வளவு சோகம். எஞ்சினியர் கழுவினால் பெருஞ்சோகம். என்னைப் போலப் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன் கழுவினால் அரைச்சோகம். எட்டாம் வகுப்பு படித்தவன் கழுவினால் அவனைப் பற்றிக் கதையே இல்லை. பக்கத்தில் நின்று அதே தொட்டியில் கை வைக்கிற மாலி நாட்டுக்காரனோ வங்காளதேசத்துக்காரனோ, எங்களுடைய கதாநாயகன் எப்படிப்பட்ட இடத்தில் நிற்க நேர்ந்தது என்று காட்டுவதற்காக வைத்த கரும்திரை மட்டும்தான். அவனுக்குப் பெயர்கூட வைப்பதில்லை.

இன்னுமொன்று. இந்தக் கதாநாயகனின் அம்மா ஊரில் வாழ்நாள் முழுவதும் கோப்பை கழுவினவள். புருஷனுடைய கோப்பை, பிள்ளைகளுடைய கோப்பை, விருந்தாளிகளுடைய கோப்பை. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அதை ஒருவரும் அவலம் என்று எழுதவில்லை. மகன் கழுவினவுடன் இலக்கியம் பிறக்கிறது.

ஆக, அந்தக் கண்ணீர் வேலையின் கஷ்டத்துக்காக வடிகிறதா? கஷ்டம் என்றால் தோட்டத்தில் கிணற்றடியில் இறைப்பதும் கஷ்டம்தான், அதைப் பற்றி எம்மவர் பெருமையாக எழுதுவார்கள். கோப்பை கழுவுவதில் கூச வைப்பது எச்சில். மற்றவன் தின்ற மிச்சத்தில் கை வைப்பது. எச்சிலை யார் தொடலாம், யாருடைய வாய் பட்ட ஏனத்தை யார் கழுவலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டம் இருந்தது. அது எழுதப்படாத சட்டம். தேத்தண்ணிக்கடையில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்குக் கிளாஸ் கிடையாது. போத்தலில் ஊற்றிக் கொடுப்பார்கள், அல்லது தகரப் பேணியில். சிரட்டையில் கொடுத்த இடங்களும் உண்டு. வெளியே நின்று குடித்துவிட்டுப் போகவேண்டும். அவர்கள் வாய் வைத்த கிளாசைக் கழுவினாலும் தீட்டுப் போகாது என்பது அதன் அர்த்தம். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. வந்தும் கடைகளில் கிளாஸ் வரவில்லை. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் ஊர்வலம் போய் அடி வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாகி, கடை கடையாகப் போராட வேண்டியிருந்தது. மனிதர் ஒரு கிளாசில் தேத்தண்ணி குடிப்பதற்காக! தேவுஷ்கின் மற்றவர்கள் பார்க்கவேண்டும் என்று தேத்தண்ணி குடித்ததை நான் இதோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்குள் ஒருவனுடைய பெறுமதி முழுவதும் ஏறி இருக்கிற சமுதாயங்கள் உண்டு.

அந்தப் போராட்டத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் இன்று ஐரோப்பாவில் கோப்பை கழுவுகிறார்கள். அவர்களுக்கும் களைப்பு உண்டு, முதலாளியிடம் ஏச்சு உண்டு. ஆனால் எல்லாருடைய கோப்பையும் ஒரே தொட்டிக்குள் விழுகிற ஒரு ஊருக்கு வந்தது அவர்களுக்கு வீழ்ச்சியாகத்தான் படும் என்று யார் சொன்னது? எங்கள் சோகக் கதைகளின் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் அவர்கள் இல்லை. இதை எழுதினால் போர்க்காலத்தில் ஒற்றுமையைக் குலைக்கிறான் என்றார்கள். 2009இல் போர் முடிந்தது. இப்போது, பழையதைக் கிண்டுகிறான் என்கிறார்கள்.

டொமினிக் ஜீவாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடி வெட்டியவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கினார். சலூன்தான் காரியாலயம். இதழ்க் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தானே விற்றார். நாற்பது வருடத்துக்கும் மேலாக நடத்தினார். அவரும் அவருடைய தோழர்களும் எழுதிய பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஜீவாவின் கதைகள் எல்லாம் உயர்ந்த கதைகள் என்று நான் சொல்லவரவில்லை. சிலவற்றில் பிரசாரம் தூக்கலாக இருக்கும், முடிவு முன்னமே தெரிந்துவிடும். ஆனால் 1999இல் வந்த அவருடைய சுயசரிதையில் கத்தரிக்கோல் வெட்கத்துக்குரிய பொருளாக எங்கும் வருவதில்லை. அவமானப்படுத்தியவர்களைப் பற்றிய கோபம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. தொழிலைப் பற்றிய வெட்கம் இல்லை. எங்கள் கோப்பை கழுவும் கதைகளில் இது தலைகீழ். தொழிலைப் பற்றிய வெட்கம் நிறைய. எவன் அவமானப்படுத்தினான், ஏன் அவனால் முடிந்தது என்ற கேள்வி குறைவு.

அதற்காக வேலையைத் தெய்வமாக்கிக் கும்பிடவும் எனக்கு விருப்பமில்லை. ஜோர்ஜ் ஓர்வெல் இந்தப் பாரிஸில்தான் 1929இல் ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். பிறகு 1933இல் அதை வைத்துப் பாரிஸிலும் லண்டனிலும் தான் பட்ட பாடுகளைப் புத்தகமாக்கினார். குசினியில் ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு பெருமை உண்டு என்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். சமையற்காரனுக்குக் கைவேலையில் பெருமை. கழுவுகிறவனுக்கு, எவ்வளவு வேலை வந்து குவிந்தாலும் எப்படியோ சமாளித்துவிடுவான் என்று பெயர் எடுப்பதில் பெருமை. அதற்கு ஒரு பிரெஞ்சுச் சொல்லும் உண்டு, 'தெப்ரூயார்'. இன்றைக்கும் குசினியில் இந்தச் சொல் உலாவுகிறது. அதைக் கேட்டு நெஞ்சு நிமிர்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அந்த நெஞ்சு நிமிர்வால் முதலாளிக்கு ஒரு ஆளின் சம்பளம் மிச்சம்! ஓர்வெல் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்.

அவரோடு எனக்குப் பிணக்கு அடுத்த இடத்தில். கழுவுகிறவர்களுக்கு யோசிக்க நேரமில்லை, அதனால் அவர்கள் யோசிப்பதில்லை, யோசித்தால் எப்போதோ சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்திருப்பார்கள் என்ற மாதிரி எழுதுகிறார். பர்மாவில் ஐந்து வருடம் பொலிஸ் உத்தியோகம் பார்த்தவர் அவர். பாரிஸில் அவர் பட்டினி கிடந்த நாட்களில் அதே நகரத்தில் அவருடைய மாமி ஒருவர் இருந்தார். புத்தகத்தில் அந்த மாமி இல்லை. களைப்பை அவர் உடம்பால் அறிந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. பக்கத்தில் நின்றவனின் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மட்டும் தான் கழுவிய சில கிழமைகளை வைத்துத் தீர்மானித்துவிட்டார். அவருடைய முடிவுக்குப் பதில் ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் கழித்து வந்தது. பாரிஸில் பாத்தினியோல் பகுதியில் உள்ள இபிஸ் ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தவர்கள், ஏறத்தாழ இருபது பேர், பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்கள், 2019 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மணித்தியாலக் கணக்குக்குப் பதிலாக அறைக் கணக்கில் வேலை வாங்குவதை எதிர்த்து. 22 மாதம் நின்றார்கள். 2021 மே மாதத்தில் கோரிக்கைகளில் பெரும்பகுதியை வென்றார்கள். அவர்களில் ஒருவரான ரஷேல் கேகே அடுத்த வருடம் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். தங்களைப் பற்றி யாராவது இரக்கமாக எழுத வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை அறை என்று கேட்டார்கள்.

தேவுஷ்கினும் தன் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுகிறார். பிரதி பண்ணுவது என்ன பாவமா, நான் வியர்வை சிந்தித்தான் சாப்பிடுகிறேன், எல்லாரும் சொந்தமாக எழுத வெளிக்கிட்டால் பிரதி பண்ணுவது யார் என்ற விதமாக. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொஸ்தோயெவ்ஸ்கி லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்தப் பெருமை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் காட்டிவிடுகிறார். பிரதி பண்ணியதில் ஒரு பிழை வந்து, தேவுஷ்கினை மேலதிகாரி கூப்பிடுகிறார். நூலில் தொங்கிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான் அந்த நேரம் பார்த்து அறுந்து, உருண்டு, அதிகாரியின் காலடியில் போய் நிற்கிறது. தேவுஷ்கின் குனிந்து அதைப் பிடிக்கப் பார்க்கிறார், பிடிபடவில்லை. அதிகாரி அவருடைய கோலத்தைப் பார்த்து மனமிரங்கி, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு 100 ரூபிள் கொடுக்கிறார். பிறகு கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அந்த 100 ரூபிளை விடத் தன் கையை அவர் குலுக்கியதுதான் தனக்குப் பெரிது என்று தேவுஷ்கின் எழுதுகிறார். அதனால் தான் மீண்டும் மனிதனாகிவிட்டதாக உணர்கிறார்.

நாவலில் எனக்கு வாசிக்கக் கஷ்டமான பக்கம் இதுதான். மேலங்கி கிழிந்ததை எழுதினான் என்று கோகொலோடு சண்டை பிடித்த அதே மனிதர், மேலே இருந்து ஒரு கை நீண்டவுடன் தன் பெறுமதியை அந்தக் கையிடமே விட்டுவிடுகிறார். 'மேலங்கி'க்கு அவர் சொன்ன திருத்தமும் இதுதானே: அக்காக்கியெவிச் சாகாமல், தளபதி கூப்பிட்டுப் பதவி உயர்த்தினால் நல்லது என்றார்! தொஸ்தோயெவ்ஸ்கி அந்த முடிவை அவருக்கே நடத்திக் காட்டுகிறார். கை குலுக்கியவன் கையை எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போது தேவுஷ்கினுக்கு வரவில்லை.

2018 மே மாதத்தில் பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில், நான்காம் மாடிப் பலகணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை, மாலி நாட்டைச் சேர்ந்த மமூது கசாமா என்ற விசா இல்லாத இளைஞன் வெளிச்சுவரால் ஏறிக் காப்பாற்றினான். இரண்டு நாளில் ஜனாதிபதி மக்ரோன் மாளிகைக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். அதே வருடம் குடியுரிமையும் கிடைத்தது. கசாமா செய்தது பெரிய காரியம். அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய எம்மவர் அடுத்த பேச்சிலேயே, இப்படியான ஆட்களுக்குக் கொடுக்கலாம்தானே என்றார்கள். மாடி ஏறாதவர்களுக்கு? கீழே நின்று கோப்பை கழுவிக்கொண்டு, வரிசையில் நின்று, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, திரும்பவும் போடுகிறவர்களுக்கு? அகதி விசாரணையில் தன் கதையை நம்பும்படி சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு பெறுமதி, சொல்ல வராமல் நாக்குத் தடுமாறுகிறவனுக்கு இன்னொரு பெறுமதி. இங்கே எல்லாருமே ஒருநாள் பொத்தான் உருண்ட தேவுஷ்கின்தான்.

எங்கள் எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது கோப்பை கழுவுகிறவனை வீரனாக எழுதுவதை அல்ல. அது இரக்கத்தின் மறுபக்கம், அவ்வளவுதான். அவன் வாசிக்கிறவன் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதலாம். தன்னைப் பற்றி எழுதியதை வாசித்து, இது சரியில்லை என்று சொல்லக்கூடியவன். பக்கத்தில் நிற்கிற மாலிக்காரனோடு அரைகுறைப் பிரெஞ்சில் சங்கம் பற்றியும் கதைக்கிறவன், சிவப்பு மிளகாயின் உறைப்பு பற்றியும் கதைக்கிறவன். அம்மாவுக்குப் பொய் சொல்லும்போது அழாமல், அந்தப் பொய்யை ரசித்து இன்னும் கொஞ்சம் வடிவாக்குகிறவன். இப்படி ஒருவன் எங்கள் கதைகளுக்குள் வந்தால் அந்தக் கதையின் முடிவை எழுத்தாளர் முன்கூட்டியே தயார் பண்ண முடியாது.

தேவுஷ்கினின் கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன். வார்வாரா தனக்குப் பிடிக்காத பீக்கோவ் என்ற பணக்காரனைக் கலியாணம் செய்துகொண்டு தூரதேசத்துக்குப் போகிறாள். தேவுஷ்கினிடம் இப்போது அதிகாரி கொடுத்த காசும் உதவவில்லை, குலுக்கிய கையும் உதவவில்லை. எழுதுகிறார், எழுதிக்கொண்டே இருக்கிறார். இனி யாருக்குக் கடிதம் எழுதுவது என்று கேட்கிறார். இப்போதுதானே எனக்கென்று ஒரு நடை கைவந்துகொண்டிருக்கிறது என்கிறார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் வசனங்களைப் பிரதி பண்ணியவர் சொல்லுகிற வார்த்தை இது. அடுத்த மூச்சிலேயே, என்ன நடை, நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, திருப்பி வாசிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை என்கிறார். கடிதம் பாதியில் அறுந்து நிற்கிறது. வார்வாரா அதை வாசித்தாளா என்பது நாவலில் இல்லை.